குடைக்காரன் மறுபடி குதித்தான்

பரணிலிருந்து கடைசியாக இறங்கியது கம்ப்யூட்டர்தான்.

அதற்கு முன்னால் இரண்டு பித்தளை அண்டா, ஒரு தொட்டில், கட்டுக்கட்டாகப் பழைய பாடப்புத்தகங்கள், றெக்கை இல்லாத ஒரு டேபிள் ஃபேன் எல்லாம் இறங்கிவிட்டன. மகாவீர் மாமா பெரிய மானிட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏணியில் ஒவ்வொரு படியாகக் கால் வைத்தார். பதினொரு வயது சுருதி ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"இது டிவியா மாமா?"

"இல்ல பாப்பா, கம்ப்யூட்டர் மானிட்டர்."

"இவ்ளோ பெரிய முதுகா?"

"அப்போ எல்லா மானிட்டருக்கும் முதுகு இருந்துச்சு" என்றார் மாமா, மூச்சு வாங்க.

திருவண்ணாமலைத் தேரடித் தெருவுக்குப் பின்னால், குறுகலான சந்தில் இருந்தது அந்த வாடகை வீடு. சுருதியின் அம்மா சந்தனாவும் அவள் தம்பி மகாவீரும் வளர்ந்த வீடு. இப்போது வீட்டுக்காரர் அதை இடித்துவிட்டு லாட்ஜ் கட்டப் போகிறார். புதன்கிழமை சுருதியின் குடும்பம் வேங்கிக்காலுக்குக் குடிபோகிறது. மகாவீர் மாமா கப்பலில் என்ஜினியர். வீட்டைக் கடைசியாக ஒரு தரம் பார்க்க இரண்டு நாள் லீவில் வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கிளம்பினால் திரும்பி வர ஒன்பது மாதம் ஆகும்.

சுருதியின் அப்பா தேவகுமார் கையில் ஒரு லிஸ்ட் வைத்திருந்தார். அதில் இரண்டே தலைப்பு. 'எடுத்துட்டுப் போறது', 'முருகவேல்.' முருகவேல் என்பவர் மூன்று சக்கர வண்டியில் வந்து பழைய சாமான்களை வாங்கிப் போகிறவர். ஞாயிறு மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்தார்.

அப்பா கம்ப்யூட்டரைப் பார்த்தார். பேனாவை எடுத்தார். "முருகவேல்" என்றார்.

"மாமா, இருங்க" என்று தடுத்தார் மகாவீர் மாமா. அவருக்குச் சுருதியின் அப்பாதான் மாமா. "இதுல குடைக்காரன் இருக்கான்."

அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "குடைக்காரனா! இன்னுமாடா இருக்கான்?"

சுருதிக்கு ஒன்றும் புரியவில்லை. "யாரு அது?"

மாமா மானிட்டர் மேலிருந்த தூசியைச் சட்டைக் கையால் துடைத்தபடியே சொன்னார். "ஒரு கேம். காசு போட்டு ஆடுற பெரிய பெட்டியில வந்தது. அந்தப் பெட்டி எங்ககிட்ட ஏது? ஆனா எமுலேட்டர்னு ஒண்ணு இருக்கு. அதைப் போட்டா கம்ப்யூட்டர் அந்தப் பெட்டி மாதிரியே நடிக்கும். கேமும் நெஜப் பெட்டிக்குள்ள இருக்கோம்னு நம்பி ஓடும்."

"பேரே குடைக்காரனா?"

"பேர் ஜப்பான் எழுத்துல இருந்துச்சு. யாருக்குப் படிக்கத் தெரியும்? சிவப்புக் குடை வச்சிருக்கிற ஒருத்தன் மொட்டை மாடி மொட்டை மாடியா தாவுவான். குடைக்காரன்னு நாங்களே பேர் வச்சுட்டோம்."

அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். "அதுல ஸ்கோர் லிஸ்ட் இருக்கும். மொத இடத்துல இருக்கிறது இவன் செஞ்ச ஃப்ராடு."

"நானா? அது நீ செஞ்சது!"

"நான் ஏன்டா பேர் இல்லாம போடப் போறேன்?"

இரண்டு பெரியவர்கள் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி சண்டை போடுவதைச் சுருதி வாய் திறந்து பார்த்தாள். தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் உட்கார்ந்து எல்லாரையும் வரிசையில் நிற்கச் சொல்லும் அம்மாவா இது?

"சரி, போட்டுப் பார்த்துடலாம்" என்றாள் சுருதி.

பிளக்கைச் செருகி மாமா பட்டனை அழுத்தினார். உள்ளே விசிறி 'கர்ர்' என்று இரைந்தது. பின்பக்க ஓட்டையிலிருந்து ஒரு பிடி தூசி பறந்தது. அப்பா தும்மினார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்து அப்படியே நின்றுவிட்டன.

"போச்சு" என்றார் மாமா.

சுருதி குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். "தேதி, நேரம் மறந்துடுச்சாம் மாமா. தொடரணும்னா எஃப் ஒன் அமுக்கணுமாம்."

அமுக்கினாள். கம்ப்யூட்டர் நிதானமாக எழுந்தது. படங்கள் எல்லாம் பெரிது பெரிதாக, நிறம் திட்டுத்திட்டாகத் தெரிந்தன. ஓரத்தில் ஒரு சின்ன சிவப்புக் குடை. மாமா அதன் மேல் இரண்டு தட்டு தட்டினார். ஒரு பெட்டிச் செய்தி எழும்பியது. மாமா சட்டென்று 'ஓகே' அழுத்தினார். பெட்டி மறைந்தது. குடைக்காரன் வரவில்லை.

மறுபடி தட்டினார். மறுபடி பெட்டி. மறுபடி ஓகே.

"அதுல என்ன மாமா எழுதியிருந்துச்சு?"

"ஏதோ எரர்."

"என்ன எரர்?"

"எரர்னா எரர்தான் பாப்பா."

அன்று மத்தியானம் மாமாவும் சுருதியும் கம்ப்யூட்டர் பெட்டியை மட்டும் ஆட்டோவில் ஏற்றி, பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனார்கள். கடைக்காரர் வேணு மூடியைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தார்.

"எங்கங்க புடிச்சீங்க இதை? உசிரோடதான் இருக்கு. ஆனா படம் காட்டுற கார்டு இல்ல. யாரோ கழட்டியிருக்காங்க."

"ஆமா, பல வருஷம் முன்னாடி கார்டு புகைஞ்சு போச்சு. கடையில கழட்டிட்டு, மானிட்டர் வயரை நேரா போர்டுலயே சொருகிக் குடுத்தாங்கன்னு அக்கா சொல்லுச்சு."

"அதான். போர்டுலயே படம் காட்டுற சிப் இருக்கு. ஆனா அதுக்கு டிரைவர் போடல. இவ்ளோ பழைய போர்டுக்கு டிரைவர் நான் எங்கங்க தேடுறது? ஒரு வாரம் குடுங்க, பார்க்கலாம்."

ஒரு வாரம் மாமாவிடம் இல்லை.

திரும்பி வரும்போது சுருதி கேட்டாள். "டிரைவர்னா?"

"கம்ப்யூட்டருக்கும் திரைக்கும் நடுவுல நின்னு பேசுற மென்பொருள். அது இல்லன்னா கம்ப்யூட்டர் சொல்ற படம் திரைக்குச் சரியாப் புரியாது."

வீட்டில் இதைக் கேட்ட அம்மா சிரித்துவிட்டாள். "கண்டக்டர் வீட்டுல டிரைவர் இல்லாம போச்சா!"

சுருதியின் தாத்தா விருஷபதாஸ் பஸ் கண்டக்டராக இருந்தவர். பெங்களூர் ரூட். பாட்டி சீக்கிரமே இறந்துவிட்டதால், இரண்டு பிள்ளைகளையும் அவர் ஒருவரே வளர்த்தார். நான்கு வருடங்களுக்கு முன்னால் அவரும் போய்விட்டார். அப்போது மாமாவின் கப்பல் எங்கோ நடுக்கடலில் இருந்தது. அவரால் வர முடியவில்லை.

சுருதிக்குத் தாத்தாவைக் கொஞ்சம்தான் ஞாபகம். ஜன்னல் ஓரம் பேசாமல் உட்கார்ந்து, கொய்யாப்பழத்தை ஒரே அளவுத் துண்டுகளாக நறுக்கித் தட்டில் வைப்பார்.

"அப்பா ரொம்ப ஸ்ட்ரிக்ட்" என்றார் மாமா. "குடைக்காரன் ஆடிட்டு இருந்தா பின்னாடி வந்து நிப்பாரு. ஒரு வார்த்தை பேச மாட்டாரு. கீபோர்டைக் கழட்டி பீரோ மேல வச்சிடுவாரு. அவ்ளோதான்."

"மார்க் கம்மியானா ஒரு வாரம் கீபோர்டு கிடைக்காது" என்றாள் அம்மா.

"அவரு சிரிச்சு நான் பார்த்ததே இல்லக்கா."

அம்மா அடுக்களைக்குப் போனாள். ஜைன வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்று தட்டுகளை எடுத்து வைத்தாள்.

சாப்பிட்டதும் மாமா அப்பாவின் லேப்டாப்பை வாங்கி, இருப்பதிலேயே புதிய எமுலேட்டரை இறக்கினார். அதில் குடைக்காரன் ஒரு நொடியில் வந்துவிட்டான். ஆனால் ஸ்கோர் லிஸ்ட் காலியாக இருந்தது. பழைய கம்ப்யூட்டரிலிருந்து ஸ்கோர் ஃபைலைப் பென் டிரைவில் கொண்டுவந்து போட்டுப் பார்த்தார். புது எமுலேட்டர் அதைப் படிக்க மறுத்தது. சரி என்று புது எமுலேட்டரைப் பழைய கம்ப்யூட்டரில் போட்டார். 'இது எனக்கு ஆகாது' என்று அதுவும் ஒரு பெட்டிச் செய்தி காட்டியது.

மாமா ஓகே அழுத்தினார். நாற்காலியில் சாய்ந்தார்.

"போதும் விடு பாப்பா. பழசு பழசுதான்."

அவர் முகத்தைப் பார்க்கச் சுருதிக்குக் கஷ்டமாக இருந்தது. ஸ்கோருக்காக ஒருவர் இவ்வளவு வாடிப்போவாரா? ஸ்கோருக்காக இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. இந்த வீட்டில் அவர் சின்னப் பையனாக இருந்த நாட்களில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

ஞாயிறு காலை எல்லாரும் சமையல் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, சுருதி கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். சிவப்புக் குடையைத் தட்டினாள். பெட்டிச் செய்தி வந்தது. அவள் ஓகே அழுத்தவில்லை. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினாள். அப்புறம் அர்த்தம் தெரியாத வார்த்தைகளுக்கு அப்பாவின் போனில் தேடினாள்.

'திரைக்கான டிரைவர் நிறுவப்படவில்லை' என்பதுதான் செய்தி. கடைக்காரர் சொன்னதையே கம்ப்யூட்டரும் நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. யாரும்தான் படிக்கவில்லை.

சுருதி பென்சிலைக் கடித்தபடி யோசித்தாள். பிறகு அடுக்களைக்கு ஓடினாள்.

"அம்மா, அந்தக் கார்டு கம்ப்யூட்டர் வாங்கும்போதே இருந்துச்சா?"

"இல்லயே. மறு வருஷம்தான் வந்துச்சு. பாடத்துல வர்ற படமெல்லாம் தெளிவா தெரியணும்னு தாத்தாவே வாங்கிட்டு வந்து போட்டாரு."

"அப்போ கார்டு வர்றதுக்கு முன்னாடி?"

"முன்னாடின்னா?"

"ஒரு வருஷம் கார்டு இல்லாமதானே ஓடுச்சு? அப்போ எப்படிப் படம் காட்டுச்சு? அந்த சிப்புக்கு அப்போ ஒரு டிரைவர் இருந்திருக்கணும்ல?"

மாமா கையிலிருந்த சணல் கயிற்றைக் கீழே போட்டார். "அட! கம்ப்யூட்டரோட ஒரு சிடி குடுத்தாங்க! அதுல இருக்கும்!"

"அந்த சிடி எங்க?"

"இருபது வருஷம் ஆச்சு பாப்பா. எங்க போச்சோ."

"அப்பா வாங்கின எதோட பேப்பரும் இந்த வீட்டை விட்டுப் போனதில்ல" என்றாள் அம்மா.

மூவரும் வாசலுக்கு ஓடினார்கள். முருகவேலுக்காகக் கட்டி வைத்திருந்த காகித மூட்டைகளை அவிழ்த்தார்கள். ஃபேனுக்கான ரசீது, மிக்ஸி உத்தரவாத அட்டை, 1998-ஆம் வருடக் காலண்டர், மாமாவின் மூன்றாம் வகுப்பு ரேங்க் கார்டு.

"இதை ஏன் வச்சிருந்தாரு?" என்று மாமா அதை அவசரமாக மறைத்தார்.

"காட்டுங்க மாமா!"

"அப்புறம், அப்புறம்."

நாலாவது மூட்டையில் ஒரு பிளாஸ்டிக் உறை கிடைத்தது. மேலே நேர்த்தியான கையெழுத்து. 'கம்ப்யூட்டர். 2004. தொலைக்காதீர்.' உள்ளே கையேடு, ரசீது, ஒரு கீறல்கூட இல்லாத சிடி.

"அடடா, கட்டின மூட்டையெல்லாம் அவிழ்த்துட்டீங்களே!" என்று அப்பா தலையில் கை வைத்தார்.

அடுத்த சிக்கல் உடனே வந்தது. சிடி வைக்கும் தட்டு திறக்கவில்லை. மாமா பட்டனை அழுத்தினார், தட்டினார், கெஞ்சினார். கப்பல் என்ஜினையே பிரித்து மாட்டுகிறவர் வியர்த்துப்போனார்.

சுருதி கையேட்டைப் புரட்டினாள். "தட்டுக்குக் கீழ ஊசி நுழையற அளவு ஒரு ஓட்டை இருக்காம். உள்ள குத்தினா திறக்குமாம்."

அம்மா புடவையிலிருந்த சேஃப்டி பின்னைக் கழற்றிக் கொடுத்தாள். சுருதி மெதுவாக உள்ளே அழுத்தினாள். 'டக்'. தட்டு நாக்கை நீட்டுவது மாதிரி வெளியே வந்தது.

டிரைவர் ஏற ஐந்து நிமிடம் ஆனது. கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழுந்தபோது, திரையின் திட்டுகள் எல்லாம் காணாமல் போயிருந்தன. இத்தனை நேரம் பச்சையும் பழுப்புமாகக் குழம்பிக் கிடந்த பின்னணி, ஒரு போட்டோவாக மாறியிருந்தது.

இதே வீட்டு மொட்டை மாடி. பின்னால் மலை. முன்னால் இரட்டைப் பின்னலோடு ஒரு பெண்ணும், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஒரு பையனும்.

"அம்மா, இது நீயா?"

அம்மா திரைக்கு மிக அருகில் வந்து பார்த்தாள். "இந்தப் பாவாடை எனக்கு ரொம்பப் புடிக்கும்" என்றாள் மெல்ல. பிறகு அடுப்பைக் கவனிக்க அடுக்களைக்குப் போனாள்.

மாமா சிவப்புக் குடையைத் தட்டினார். மறுபடியும் ஒரு பெட்டி. அவர் விரல் தானாக ஓகேயை நோக்கிப் போனது.

"மாமா, கையை எடுங்க!"

மாமா இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார்.

இது வேறு செய்தி. சுருதி எழுதிக்கொண்டாள். "டைரக்ட் த்ரீ-டி முறையில் வரைய இந்தச் சிப்பால் முடியாது."

"அப்போ கார்டு இருந்தாதான் ஓடும்போல" என்று மாமா பெருமூச்சு விட்டார்.

"வேற முறையில வரையச் சொல்ல முடியாதா?"

"எமுலேட்டர் திறந்தாதானே மாத்த முடியும்? அதுதான் திறக்க மாட்டேங்குதே."

சுருதி எமுலேட்டர் இருந்த ஃபோல்டரைத் திறந்தாள். அதில் ஒரு ஃபைலின் பெயரே 'என்னைப் படி' என்றிருந்தது.

"மாமா, இதைப் படிச்சிருக்கீங்களா?"

"அதையெல்லாம் யாரு பாப்பா படிப்பாங்க?"

சுருதி படித்தாள். நீளமாக இருந்தது. பாதி புரியவில்லை. புரியாத இடங்களில் மாமா உதவினார். மூன்றாவது பக்கத்தில் அந்த வரி இருந்தது. உங்கள் கம்ப்யூட்டர் பழையது என்றால், அமைப்பு ஃபைலைத் திறந்து, படம் வரையும் முறை என்ற வரியில் 'டைரக்ட் த்ரீ-டி' என்பதை அழித்துவிட்டு 'டைரக்ட் டிரா' என்று எழுதவும்.

"அவ்ளோதானா?" என்றார் மாமா.

"அவ்ளோதான்."

அழித்தாள். எழுதினாள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தாள். சேமித்தாள். குடையைத் தட்டினாள்.

திரை கறுப்பானது. ஒரு நொடி ஒன்றுமே இல்லை. பிறகு, ஸ்பீக்கரிலிருந்து 'டுடிங் டுடிங் டுடுடிங்' என்று ஒரு சின்ன இசை.

அடுக்களையில் ஏதோ விழுந்தது. அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். "வந்துட்டானா?"

சிவப்புக் குடையோடு ஒரு குட்டி மனிதன் திரையின் ஓரத்திலிருந்து நடந்து வந்து, நின்று, ஒரு குதி குதித்தான். மாமா சத்தமே இல்லாமல் சுருதியின் தலையில் கை வைத்தார்.

பிறகு ஸ்கோர் லிஸ்ட் வந்தது. பெயருக்கு மூன்று ஆங்கில எழுத்துகள்தான். இரண்டாவது இடம் எஸ்.ஏ.என். அது அம்மா. மூன்றாவது எம்.ஏ.எச். அது மாமா. முதல் இடம் ஏ.ஏ.ஏ. ஸ்கோர் தொண்ணூற்றெட்டாயிரத்து நானூறு.

"பாரு உன் வேலைய!" என்றாள் அம்மா.

"அது உன் வேலைதான்க்கா!"

"இருங்க, இருங்க" என்றாள் சுருதி. "உங்க ரெண்டு பேருக்கும் பேர் போடத் தெரியும்ல?"

"தெரியும்."

"பேர் போடத் தெரியாதவங்க சும்மா பட்டனை அமுக்கினா என்ன வரும்?"

இரண்டு பேரும் யோசித்தார்கள். "ஏ.ஏ.ஏ." என்றார் மாமா. "ஆனா இந்த வீட்டுக்கு வேற யாருமே ஆட வந்ததில்லயே. ஃப்ரெண்ட்ஸைக் கூட்டிட்டு வந்தா அப்பா விடமாட்டாரு."

சுருதி மறுபடி ஃபோல்டருக்குப் போனாள். விளையாட்டைப் பாதியில் நிறுத்திச் சேமித்து வைத்த ஃபைல்கள் அங்கே வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதியும் நேரமும்.

"ஒண்ணாம் நம்பர் யாரோடது?"

"என்னோடது" என்றாள் அம்மா.

"ரெண்டு என்னோடது" என்றார் மாமா.

"அப்போ மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு?"

"எங்களோடது இல்ல" என்றார்கள் இருவரும்.

சுருதி நோட்டில் எழுதினாள். 2005 ஜூலை. தேதி 5, 7, 11, 13, 15. நேரம் எல்லாமே காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்குள். முதல் இட ஸ்கோர் பதிவானதும் பதினைந்தாம் தேதிதான்.

"கம்ப்யூட்டருக்கு இன்னைக்குத் தேதியே தெரியல, அது சொல்றதை நம்பலாமா?" என்றார் அப்பா. அவரும் லிஸ்ட்டை மடித்து வைத்துவிட்டு வந்து நின்றிருந்தார்.

"அப்போ நல்லாதான் ஓடிட்டு இருந்துச்சு. ஞாபகம் இப்போதான் போச்சு" என்ற சுருதி, அப்பாவின் போனில் 2005 காலண்டரைத் தேடி எடுத்தாள். "அஞ்சாம் தேதி செவ்வாக்கிழமை. ஏழு வியாழன். பதினொண்ணு திங்கள். பதிமூணு புதன். பதினஞ்சு வெள்ளி. எல்லாம் ஸ்கூல் நாள். நீங்க ரெண்டு பேரும் வீட்டுலயே இல்ல."

அவள் நோட்டை இன்னொரு தரம் பார்த்தாள். "ஒருநாள் விட்டு ஒருநாள் வருது. ஒம்பதாம் தேதி மட்டும் இல்ல. ஏன்னா அன்னைக்குச் சனிக்கிழமை. நீங்க வீட்டுல இருந்திருப்பீங்க."

அம்மா கரண்டியை மேஜை மேல் வைத்தாள்.

"ஒருநாள் டியூட்டி" என்றாள். "ஒருநாள் ரெஸ்ட்."

ஸ்பீக்கரில் அந்தச் சின்ன இசை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பாவா?" என்றார் மாமா. "அப்பாவா ஆடினாரு? நம்மளை ஸ்கூலுக்கு அனுப்பிட்டா?"

"பாடத்துப் படம் தெளிவா தெரியணும்னு கார்டு வாங்கினாரே" என்றாள் அம்மா. "எந்தப் பாடம்டா அது!"

முதலில் சிரித்தது அம்மாதான். பிறகு மாமா. சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கையால் துடைத்தார். மறுபடி வந்தது. மறுபடி துடைத்தார்.

"பின்னாடி வந்து பேசாம நிப்பாருன்னேனே" என்றார். "திட்டறதுக்கு நிக்கலக்கா. எப்படி ஆடறோம்னு பார்த்திருக்காரு."

"பீரோ மேல கீபோர்டை வச்சது?"

"நாம ஆடி அவரு ஸ்கோரைத் தாண்டிடக் கூடாதுன்னுதான்!"

அப்புறம் ஆட்டம் ஆரம்பித்தது. அம்மா முதலில் ஆடினாள். அடுப்பை அணைக்கச் சொல்லி அப்பாவை அனுப்பிவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் விரல்கள் இருபது வருடத்தை மறந்ததாகவே தெரியவில்லை. எழுபதாயிரம் வரை போய்த் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தாள். மாமா எழுபத்தைந்தாயிரத்தில் காக்கா கொத்தி விழுந்தார். சுருதி முதல் மொட்டை மாடியிலேயே விழுந்தாள். மூன்று தரம்.

"குடையை விரி பாப்பா, குடையை!"

"எந்தக் கீ மாமா அது?"

வாசலில் மணிச் சத்தம் கேட்டது. முருகவேல் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். அவிழ்ந்து கிடந்த மூட்டைகளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

"இதையும் எடுத்துக்கணும்னு சொன்னீங்களே சார்?"

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா சட்டைப் பையிலிருந்து லிஸ்ட்டை எடுத்தார். 'கம்ப்யூட்டர்' என்ற வார்த்தையை அடித்துவிட்டு, 'எடுத்துட்டுப் போறது' என்ற தலைப்பின் கீழ் எழுதினார்.

"அதை மட்டும் விட்டுடுங்க முருகவேல். அண்டா ஒண்ணு ஜாஸ்தியா வச்சுக்குங்க."

"அண்டாவா? எங்க அண்டாவை யாரு குடுக்கச் சொன்னது?" என்று அம்மா திரும்பாமலே கத்தினாள். அப்போது அவள் குடைக்காரன் ஒரு கம்பி மேல் நடந்துகொண்டிருந்தான்.

இரண்டரை மணிக்கு மாமா கிளம்ப வேண்டியிருந்தது. அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் சேரச் சேர பஸ்களையெல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். தெருவில் இப்போதே வெறுங்காலோடு ஜனங்கள் நடந்துகொண்டிருந்தார்கள். மாமா கடைசியாக ஒரு ஆட்டம் ஆடினார். தொண்ணூறாயிரத்தைத் தாண்டினார். எல்லாரும் அவர் நாற்காலியைச் சூழ்ந்து நின்றார்கள். தொண்ணூற்றாறு. தொண்ணூற்றேழு. குடைக்காரன் கால் இடறி விழுந்தான்.

"சே!" என்றார் மாமா. ஆனால் அவர் முகம் மலர்ந்திருந்தது. "மனுஷன் விட்டுக் குடுக்க மாட்டேங்கறாரே!"

வாசலில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டவர், குனிந்து சுருதியின் காதில் சொன்னார். "நான் வர்றதுக்குள்ள நீ தாண்டிடாத."

"எனக்கு இன்னும் குடை விரிக்கவே வரல மாமா."

"ஒம்பது மாசம் இருக்கு. எனக்கு பயமாத்தான் இருக்கு."

புதன்கிழமை சாமான்கள் எல்லாம் லாரியில் வேங்கிக்காலுக்குப் போயின. கம்ப்யூட்டரை மட்டும் லாரியில் ஏற்ற அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. ஆட்டோ பிடித்தார். மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு, அதன் பெரிய முதுகுக்குப் பின்னால் முகமே தெரியாமல் உட்கார்ந்தார். ஒவ்வொரு வேகத்தடைக்கும் அந்த முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"மெதுவாங்க, மெதுவா. எனக்கு இன்னும் ஒரு ஆட்டம்கூடக் குடுக்கல."